1997-ல சேவ் பண்ண ஃபைலை இன்னிக்கு யார் திறப்பாங்க?



இந்த வார எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசினோம். மூணு பிரதி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற ஊர்ல. அந்த 3-2-1 விதியைச் சொல்லிட்டு, "இது இருந்தா நிம்மதியா தூங்கலாம்"னு நானே மைக் முன்னாடி உளறி வச்சேன். எடிட் பண்ணும்போது கேட்டப்போ கொஞ்சம் கூச்சமா இருந்தது. ஏன்னா அது முழு உண்மை இல்லைனு எனக்கு ஒரு கான்ட்ராக்ட்ல நல்லாவே பாடம் கிடைச்சிருக்கு. எபிசோட்ல சொல்ல நேரமில்லாத கதை அது. இங்கே எழுதிடறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை

சில வருஷம் முன்னாடி இங்கிலாந்தின் நடுப்பகுதியில ஒரு பழைய கம்பெனி. நூறு வருஷத்துக்கு மேல வயசு. என் வேலை சிம்பிள்: அவங்க கட்டடத்துக்குள்ள இருந்த ஃபைல் சர்வரைக் காலி பண்ணி, எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்தணும். சுமார் நாலு டெராபைட். நானே ஒரு அப்லோட் ஸ்கிரிப்ட் எழுதினேன். திங்கள் ராத்திரி ஓட விட்டேன், செவ்வாய்க்கிழமை முடிஞ்சது. ஃபைல் எண்ணிக்கை சரி, மொத்த சைஸ் சரி. "டன்"னு டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

புதன்கிழமை காலையில பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு போன். அந்தக் கம்பெனியில ஆவணக் காப்பகம்னு ஒரு பிரிவு இருக்கிறதே எனக்கு அப்பதான் தெரியும். பிரிவுன்னா ஒரே ஒரு ஆள். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும் ஒரு அம்மா. கீழே போனேன். ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. பென்ஷன் ஃபோல்டர். உள்ளே பதினாலு ஃபைல். பேரெல்லாம் நமக்குத் தெரிஞ்ச கதைதான்: ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் திருத்தியது, ஃபைனல் கடைசி. பதினாலுக்கும் ஒரே தேதி. என் செவ்வாய்க்கிழமை.

"இதுல எது முதல்ல எழுதினது, எது கடைசியா ஒப்புக்கிட்டது? இனி எப்படித் தெரிஞ்சுக்கறது?"னு கேட்டாங்க. குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

விஷயம் என்னன்னா, அந்தக் கம்பெனியில வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருத்தர் கடிதம் போட்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில பென்ஷன் விதியை மாத்தினாங்க, தனக்குப் பழைய விதிதான் பொருந்தும்னு அவர் வாதம். அந்த விதிப் புத்தகத்தோட பல வரைவுகள்தான் அந்தப் பதினாலு ஃபைல். எது எந்தத் தேதியில இருந்துச்சு என்பதில்தான் அவருடைய மாசாமாசம் வர்ற பணம் தொங்கிக்கிட்டிருந்தது.

"வேர்ட் ஃபைலுக்குள்ளேயே தேதி பதிஞ்சிருக்குமே?"னு டெக் ஆளுங்க கேப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். பாதி ஃபைல் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தது, உள்ளே இருந்ததும் டெம்ப்ளேட்டோட தேதி. மீதி ஸ்கேன் பண்ண படங்கள். சர்வர் வச்சிருந்த "கடைசியா மாத்தின தேதி" ஒண்ணுதான் ஆதாரம். அதைத்தான் நான் அழிச்சிருந்தேன். செக்சம் போட்டுப் பார்த்திருந்தாலும் மாட்டியிருக்காது. ஃபைலுக்குள்ள ஒரு பிட் கூட மாறலை. மாறினது ஃபைலைச் சுத்தி இருந்த தகவல்.

பழைய சர்வர் டிஸ்கை அழிக்க வெள்ளிக்கிழமை நாள் குறிச்சிருந்தாங்க. ரெண்டு நாள் மிச்சம்.

போட்டிக் கம்பெனிக்கு ஒரு போன்

நான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் திறந்தேன். அந்தம்மா போனை எடுத்தாங்க. யாருக்குப் பேசறாங்கன்னு பார்த்தா, இதே தொழிலில் இருக்கிற இன்னொரு கம்பெனியோட ஆவணக் காப்பாளருக்கு! நேரடிப் போட்டியாளர். பத்து நிமிஷம் பேசினாங்க. பேசி முடிச்சப்போ ஒரு தாள்ல மூணு வரி இருந்தது.

ஒண்ணு: எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் எடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் முழுப் பாதை, சைஸ், கடைசியா மாத்தின தேதி, ஃபார்மட், ஹாஷ். ரெண்டு: அந்தப் பட்டியலை ஃபைல்களோடவே சேர்த்து அனுப்பு. மூணு: போய்ச் சேர்ந்ததும் பட்டியலோட ஒப்பிடு, ஒப்பிட்டு முடியுற வரைக்கும் பழைய டிஸ்கைத் தொட விடாதே.

"அவங்க உங்க போட்டியாளராச்சே, எப்படிச் சொன்னாங்க?"னு கேட்டேன். "விக்கிறதுலதான் போட்டி. இதே தப்பை ரெண்டு வருஷம் முன்னாடி அங்கே ஒரு கான்ட்ராக்டர் பண்ணியிருக்கார்"னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அன்னிக்கு ராத்திரிதான் இந்த உலகத்துக்குள்ள நான் முதல்முதலா எட்டிப் பார்த்தேன்.

தெரிஞ்சதை ஊரோட பகிர்ந்துக்கற ஆளுங்க

அந்தப் பட்டியலை எடுக்க அவங்க சொன்ன டூல் பேர் டிராய்ட். லண்டன் கியூவில இருக்கிற பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகம் இலவசமாத் தர்றது. ஒரு ஃபோல்டரைக் காட்டினா, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் எந்த ஃபார்மட்னு சொல்லும். ஃபைல் பேருக்குப் பின்னாடி இருக்கிற எக்ஸ்டென்ஷனை அது நம்பறதில்லை. ஃபைலோட முதல் சில பைட்டுகளைப் பார்க்கும். ஜிப் ஃபைல் பி, கே என்ற ரெண்டு எழுத்தில தொடங்கும். அதைக் கண்டுபிடிச்ச ஃபில் காட்ஸோட முதலெழுத்துகள். பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியும் தன் பேரும் போட்டுத் தொடங்கும். இப்படி ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் ஒரு கைரேகை.

அந்தக் கைரேகைகள் எல்லாம் சேர்ந்து இருக்கிற பதிவேட்டுக்குப் பேர் ப்ரோனோம். 2002-ல தொடங்கினது. ஒவ்வொரு ஃபார்மட்டுக்கும் ஒரு நிலையான எண் உண்டு. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இது ஒரு அலுவலகத்துக்குள்ள உட்கார்ந்து சிலர் மட்டும் எழுதினது இல்லை. ஒரு வங்கியோட ஆவணக் காப்பாளருக்கு யாருக்கும் தெரியாத ஒரு பழைய கணக்குப் ப்ரோகிராம் ஃபைல் கிடைக்குதுன்னு வைங்க. நாலஞ்சு மாதிரிகளை ஒப்பிட்டு, பொதுவா வர்ற பைட்டுகளைக் குறிச்சு அவர் அனுப்பலாம். சரிபார்த்து அதைப் பதிவேட்டுல சேர்ப்பாங்க. அப்புறம் உலகத்தின் இன்னொரு மூலையில ஒரு மருந்துக் கம்பெனி அதே ஃபைலை ஸ்கேன் பண்ணும்போது பேர் தெரிஞ்சிடும். வங்கியோட ரகசியம் ஒண்ணும் வெளியே போகலை, போனது பத்துப் பைட்டுகள்தான்.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும், கம்பெனி ஆவணக் காப்பாளர்கள் எல்லாரும் பகிர்ந்துக்கற வழி இதுதான். உள்ளே இருக்கிற சரக்கைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. திறக்கவும் முடியாது: வக்கீல்கள் இருக்காங்க, வாடிக்கையாளர் விவரம் இருக்கு, தொழில் ரகசியம் இருக்கு. ஆனா எப்படிக் காப்பாத்தறதுங்கற வித்தையை மறைக்கிறதில்லை. நம்ம ஊர்ல மாவடு ஊறுகாயைப் பூட்டி வச்சாலும், பக்குவம் கேட்டா பக்கத்து வீட்டுக்கு அளவோட சொல்லிக் குடுப்பாங்களே, அது மாதிரி.

பிரிட்டன்ல இதுக்கு நீண்ட பழக்கம் உண்டு. பிசினஸ் ஆர்க்கைவ்ஸ் கவுன்சில்னு ஒரு அமைப்பு 1934-லேயே வந்தாச்சு. பேப்பர் காலத்து அமைப்பு. டிஜிட்டலுக்குன்னே 2002-ல டிஜிட்டல் ப்ரிசர்வேஷன் கோலிஷன் வந்தது. நூலகம், பல்கலைக்கழகம், வங்கி, அரசுத் துறை எல்லாம் அதுல உறுப்பினர். அவங்க கையேடு இணையத்துல இலவசம். 2017-லிருந்து "பிட் லிஸ்ட்"னு ஒண்ணு வெளியிடறாங்க. அழியும் நிலையில இருக்கிற உயிரினப் பட்டியல் மாதிரி, அழியும் நிலையில இருக்கிற டிஜிட்டல் பொருள்களின் பட்டியல்.

அவங்களோட இன்னொரு வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2019-ல வந்த ஒரு சுய மதிப்பீட்டு அளவுகோல். 11 தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 வரை மார்க். இதை அவங்க உருவாக்கினது பிரிட்டனின் அணுசக்தி நிலையங்களைக் கலைக்கற ஆணையத்தோட சேர்ந்து. யோசிச்சுப் பாருங்க: எந்தப் பீப்பாய்ல என்ன கழிவு இருக்கு, எங்கே புதைச்சிருக்குன்னு தலைமுறை தலைமுறையா யாருக்காவது தெரிஞ்சாகணும். ஸ்காட்லாந்தின் வட முனையில விக் என்ற சின்ன ஊர்ல இதுக்குன்னே ஒரு காப்பகம் கட்டி 2017-ல திறந்தாங்க. அந்த மாதிரி இடத்துக்காகப் பிறந்த அளவுகோலை இன்னிக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியோ கடன் சங்கமோ இலவசமா எடுத்துப் பயன்படுத்தலாம்.

அந்த 11 தலைப்புல ஒண்ணு என்ன தெரியுமா? "சமூகம்". அதாவது, இதே வேலை பார்க்கிற மத்தவங்களோட நீங்க பேசறீங்களா, அவங்ககிட்ட கத்துக்கறீங்களா, உங்க அனுபவத்தைக் குடுக்கறீங்களா? சர்வர், சாஃப்ட்வேர், பட்ஜெட் மாதிரியே இதுக்கும் மார்க். நம்ம ஐடி ஆடிட் எதுலயாவது இப்படி ஒரு கேள்வி வந்து பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

தோத்த கதையைச் சொல்ற தைரியம்

ஜெயிச்ச கதையை யார் வேணும்னாலும் மேடையில சொல்லலாம். இந்தத் துறையில தோத்த கதைக்குத்தான் மதிப்பு அதிகம்.

பழைய உதாரணம் பிபிசியின் டூம்ஸ்டே ப்ராஜெக்ட். 1086-ல இங்கிலாந்து முழுக்க நிலக் கணக்கு எடுத்து எழுதின டூம்ஸ்டே புத்தகத்தோட 900-ஆவது ஆண்டுக்காக, 1986-ல பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரங்களும் சேர்ந்து நாட்டைப் பதிவு பண்ணி லேசர் டிஸ்க்ல போட்டாங்க. பதினஞ்சே வருஷத்துல அதைப் படிக்கிற பிளேயர் அரிதாயிடுச்சு. 2002-ல லீட்ஸ், மிஷிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பழைய கம்ப்யூட்டரைச் சாஃப்ட்வேரா நடிக்க வச்சு மீட்டாங்க. தொள்ளாயிரம் வருஷத்துத் தோல் புத்தகத்தை இன்னிக்கும் கியூவுல கண்ணாலயே படிக்கலாம். இந்த ஒரு கதையைச் சொல்லியே பல காப்பாளர்கள் தங்க மேனேஜர்கிட்ட பட்ஜெட் வாங்கியிருப்பாங்க.

புது உதாரணம் பிரிட்டிஷ் லைப்ரரி. 2023 அக்டோபர்ல ரேன்சம்வேர் தாக்குதல். 2024 மார்ச்ல அவங்க என்ன பண்ணாங்கன்னா, எங்கே ஓட்டை இருந்தது, எது பழசா இருந்தது, எது தாமதமாச்சுன்னு தாங்களே எழுதி வெளியிட்டாங்க. அதுல ஒரு விஷயம் என்னை உலுக்கினது. டிஜிட்டல் சேகரிப்புகளோட பத்திரமான பிரதிகள் அவங்ககிட்ட இருந்தது. ஆனா அதைத் திரும்ப வைக்க உருப்படியான சர்வர் கட்டமைப்பு இல்லாம மீட்பு இழுத்துக்கிட்டே போச்சு. நான் மைக் முன்னாடி சொன்ன 3-2-1 எல்லாம் இருந்தும்! அது லாபம் பார்க்கிற கம்பெனி இல்லைதான். ஆனா அந்த அறிக்கை யாரும் எடுத்துப் படிக்கலாம். பழைய சர்வரை இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கிற எந்தக் கம்பெனிக்கும் அது நேரடியாப் பொருந்தும்.

கம்பெனியே போயிட்டா?

2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் விழுந்தது ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட பயணிகளைத்தான் டிவியில காட்டினாங்க. 1841-ல லெஸ்டர்லேர்ந்து லஃப்பரோவுக்கு ஒரு ரயில் பயணத்தோட தொடங்கின கம்பெனி. அதோட பழைய கையேடுகள், போஸ்டர்கள், புகைப்படங்கள் எல்லாம் பீட்டர்பரோவுல இருந்தது. அதைச் சொந்தம் கொண்டாட கம்பெனியே இல்லை. இந்த மாதிரி நேரத்துக்குன்னே பிரிட்டன் காப்பாளர்கள் ஒரு அவசரக் குழு வச்சிருக்காங்க: திவாலாகிற கம்பெனி ஆவணங்கள் குப்பைக்குப் போகாம நிர்வாகிகளோட பேசற குழு. கடைசியில அந்தச் சேகரிப்பு லெஸ்டர்ஷயர் ஆவண அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பெட்டியில இருந்ததால லாரியில ஏத்த முடிஞ்சது. இன்னிக்குத் தொடங்கற ஒரு ஸ்டார்ட்அப் நாளைக்கு விழுந்தா? ஈமெயில், சாட், கிளவுட் டிரைவ் எல்லாம் மாச வாடகை. கார்டு பேமென்ட் நின்ன கொஞ்ச நாள்ல அக்கவுன்ட் மூடிடும். மீட்புக் குழு வந்து கதவைத் தட்டறதுக்குள்ள கதவே இருக்காது. அதனாலதான் அவங்க இப்போ ஒருத்தருக்கொருத்தர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கறது: வேலை நடக்கும்போதே எடுத்து வை, முடிஞ்ச அப்புறம் பார்த்துக்கலாம்னு விடாதே.

நம்ம வீட்டுப் பிரச்சினை

இது வெள்ளைக்காரன் கம்பெனிக் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. போன வருஷம் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கு உதவி பண்ணப் போனேன். தொண்ணூறுகளிலிருந்து எழுதின கூட்டக் குறிப்புகள், கணக்கு, மாணவர் பதிவு எல்லாம் ஒரு சிடியில. படிச்சது நல்லா ஓடிச்சு. ஃபைல் திறந்தது. உள்ளே முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

குப்பை இல்லை, பாமினி. யூனிகோட் பரவறதுக்கு முன்னாடி இலங்கைத் தமிழர்கள் போன நாடெல்லாம் கூடவே போன எழுத்துரு. ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வச்ச ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல "அம்மா"ன்னு அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்னு தெரியும். டிராய்ட் ஓட விட்டேன். "வேர்ட் 97 ஃபைல்"னு சொல்லிச்சு. அது சொன்னது சரி. ஃபார்மட் சரியாத்தான் இருந்தது. ஆனா படிக்க முடியலை. இந்த ஃபைலுக்குள்ள இருக்கிறது தமிழ், இந்த எழுத்துரு போட்டாத்தான் தெரியும்ங்கற தகவல் எந்தப் பதிவேட்டுலயும் இல்லை. அந்தப் பள்ளியில முதல்ல இருந்த டீச்சர் தலைக்குள்ள இருந்தது. நல்லவேளை, அவங்க இருந்தாங்க; போன் பண்ணினதும் "அது பாமினி தம்பி, என் பழைய லேப்டாப்ல அந்த ஃபான்ட் இருக்கு"ன்னாங்க.

இங்கேயும் கடைசியில ஒரு போன்தான் காப்பாத்தினது பாருங்க. ஆனா தலைமுறை தாண்டினா போன் எடுக்க ஆள் இருக்காது.

இந்த வாரம் நீங்க பண்ணக்கூடியது

கோவில் கமிட்டியோ, தமிழ்ச் சங்கமோ, சொந்தக் கடையோ, எதுவானாலும் சரி:

1. பழைய ஃபோல்டரை நகர்த்தறதுக்கு முன்னாடி டிராய்டை ஓட விட்டு ஒரு பட்டியல் எடுங்க. ஹாஷ் கணக்கிடச் சொல்லி டிக் பண்ண மறக்காதீங்க.

2. நகர்த்தும்போது பேக்இட் முறையைப் பாருங்க. ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள சரக்கு, பக்கத்துல செக்சம் எழுதின ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் கிடையாது. ஆனா அது ஃபைல் தேதியைக் காப்பாத்தாது. அதனால முதல் படியில எடுத்த பட்டியலையும் உள்ளேயே போடுங்க.

3. பாமினி, டிஸ்கி மாதிரி பழைய எழுத்துருவில இருக்கிறதை யூனிகோடுக்கு மாத்தி ஒரு பிரதி வைங்க. மூல ஃபைலை அழிக்காதீங்க. எழுத்துருவோட பேரைப் பக்கத்துலயே எழுதி வைங்க.

4. ஒரு பக்கம் "இது என்ன"ன்னு எழுதுங்க. யார் எழுதினது, எதுக்காக, எது கடைசி வடிவம். வருங்கால ஆள் உங்களுக்குப் போன் பண்ண முடியாதுன்னு நினைச்சு எழுதுங்க.

5. வருஷத்துக்கு ஒரு தடவை நாலு ஃபைலைத் திறந்து பாருங்க. உலக டிஜிட்டல் பாதுகாப்பு நாள் நவம்பர் முதல் வியாழக்கிழமை வரும். அன்னிக்கு வச்சுக்கலாம்.

அந்தப் பதினாலு ஃபைல்

பழைய சர்வரை அழிக்கிறதை ஒரு மாசம் தள்ளிப் போட வச்சோம். மறுபடி பட்டியல் எடுத்து, தேதிகளோட சேர்த்து ஏத்தினேன். எது எப்போ எழுதினதுன்னு வரிசை கிடைச்சது. அந்தப் பெரியவர் கடிதத்துக்கு ஆதாரத்தோட பதில் போச்சு. அவர் பக்கம் சரியா தப்பாங்கறது எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை, அந்தம்மா சொல்லவும் இல்லை. ஆனா "கண்டுபிடிக்க முடியலை"ங்கற பதில் அவருக்குப் போகலை.

கான்ட்ராக்ட் முடியற நாள் அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. "நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் குடுப்பீங்களா? கம்பெனி பேர் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம்." எழுதிக் குடுத்தேன். என்ன ஸ்கிரிப்ட், எந்த இடத்துல தேதி போச்சு, எப்படி மீட்டோம். அதை மத்த காப்பாளர்களுக்கு அனுப்பினாங்க. நம்மள மாதிரி கான்ட்ராக்டர்கள் ஆறு மாசத்துல கிளம்பிடறோம். கத்துக்கிட்டதும் நம்மளோடவே கிளம்பிடுது. அந்த ஒரு பக்கம் மட்டும் அங்கேயே இருக்கு. இப்போ எந்தக் கம்பெனியை விட்டுக் கிளம்பும்போதும் அப்படி ஒரு பக்கம் வச்சிட்டுத்தான் பேட்ஜைத் திருப்பிக் குடுக்கறேன்.

உங்ககிட்ட திறக்க முடியாத பழைய தமிழ் ஃபைல் எதாவது இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. ஃபைலை அனுப்ப வேண்டாம். எந்த வருஷம், எந்த சாஃப்ட்வேர், எந்த எழுத்துருன்னு மட்டும் சொல்லுங்க. போதுமான அளவு சேர்ந்தா அதை வச்சே ஒரு எபிசோட் பண்ணிடலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும், மூடின டிக்கெட்டை ஒரு தடவை திறந்து பாருங்க.